தாய்மாமனுக்கு அடுத்த வரி

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள்: அரசாங்கத்திலிருந்து வந்த தணிக்கை அதிகாரி. அவருடைய கிளார்க். எங்கள் காலேஜ் பிரின்சிபால் அம்மா. வல்லக்கோட்டை டீக்கடைக்காரர். செங்கல் சூளை வைத்திருந்த அம்மா. லாரி டிரைவர் ஒருவரின் மாமனார். அவர்களுக்குப் பின்னால் முப்பத்தைந்து பேர், ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு. கதவோரம் நான். கடைசி பெஞ்சில் பர்சர்.

1991, ஏப்ரல் மாதம். பர்சர் ரிடையர் ஆக இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

பர்சர் என்றால் காலேஜின் வரவு செலவைப் பார்க்கிறவர். நான் வாட்ச்மேன். ஐந்தாவது வரை படித்தவன். ஹால் சாவி என்னிடம் இருக்கும். அவரைப் பதினோரு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் பேர் இங்கே வேண்டாம்.

அவருக்குக் காசு ஆகாது. வரவு செலவு பார்க்கிறவருக்குக் காசு ஆகாது என்றால் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. அவர் சட்டைக்குப் பை கிடையாது. பை வைக்காமல் தைக்கச் சொல்வார். பை இல்லை என்பதற்காகக் கூலியைக் குறைக்க முடியாது என்று டெய்லர் சொன்னான். சரி என்றார். பஸ் டிக்கெட்டை மூக்குக் கண்ணாடிக் கூட்டில் மடித்து வைப்பார்.

காலேஜுக்கு யார் காசு கொடுக்க வந்தாலும் அவர் பேச்சு ஒன்றுதான்.

"காசு வேணாம். வேற இன்னா கீது?"

ஒருவர் மகனுக்கு சீட் கேட்டு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து கவரை எடுத்து மேஜையில் வைத்தார். பர்சர் அதை ஸ்கேலால் திருப்பித் தள்ளினார். அவரிடம் மட்டும் கேள்வி கொஞ்சம் நீண்டது. "காசு வேணாம். வேற இன்னா கீது? மார்க் கீதா?" என்றார். மார்க் இல்லை. கவர் வேட்டிக்குள் போனது.

மனிதருக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்றுதான் முதல் வருஷம் நினைத்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் வீட்டுக் கோழியை வைத்துச் சொன்னார்.

"உன் வூட்ல கோழி கீது. முட்டை வித்து பத்து ரூபா பாக்கற. உடனே காலேஜ் உன் சம்பளத்துல பத்து ரூபா கொறச்சிடுது. நீ கோழி வளப்பியா?"

வளர்க்க மாட்டேன் என்றேன்.

"வந்த முட்டையை இன்னா பண்ணுவே?"

தின்பேன் என்றேன்.

"அவ்ளோதான். நம்ம காலேஜ் முட்டையை விக்காது. தின்னும்."

விஷயம் இதுதான். எங்களுடையது அரசாங்க உதவி பெறும் காலேஜ். சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். மற்ற செலவுக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்கும். காலேஜாகப் பார்த்து எந்த வழியில் காசு சம்பாதித்தாலும், அடுத்த மானியத்தில் அதைக் கழித்துக்கொள்ளும். கூரை ஒழுகினால் கூரைக்குக் காசு கேட்டு எழுத வேண்டும். பதில் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். நாமே சம்பாதித்துக் கூரை போடலாம் என்றால் அந்தக் காசு சம்பளத்தில் குறையும். இதில் மாட்டாத வழி ஒன்றுதான். காசாக வாங்காமல் கூரையாகவே வாங்க வேண்டும்.

அரசாங்கக் காசுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தலைப்போடு வரும். ஒரு வருஷம் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி காசு வந்தது. தலைப்பு, விளையாட்டு. முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். லைப்ரரியில் புத்தகம் இல்லை, புத்தகம் வாங்கலாமா என்று பர்சர் கேட்டுப் பார்த்தார். கூடாது. இரண்டு நாளில் வேறென்ன வாங்குவது? அறுபது வாலிபால் வாங்கினார். காலேஜில் மொத்தம் நூற்று நாற்பது பிள்ளைகள். பந்துகள் என் வாட்ச்மேன் ரூமில் கூரை வரை கிடந்தன. கதவைத் திறந்தால் நாலு உருண்டு வெளியே வரும். பர்சர் ஊருக்கு ஒரு பந்து இரவல் கொடுத்தார். பந்து வாங்கின பையன்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்துக்கு விளையாட வந்தார்கள். விளையாட இடம் வேண்டும் என்று அவர்களே முள்ளை வெட்டி மைதானத்தைச் சுத்தம் செய்தார்கள். பத்து வருஷமாக நாங்கள் வெட்ட முடியாத முள்.

ஒருமுறை சினிமா எடுக்க வந்தார்கள். பணக்காரர் பங்களாவாக எங்கள் காலேஜைக் காட்ட வேண்டுமாம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரூபாய்க் கட்டை எடுத்தார்கள். "காசு வேணாம்" என்றார். பெயிண்ட் அடித்துக் கொடுக்கச் சொன்னார். அடித்தார்கள். ஆனால் படத்தில் தெரிகிற பக்கம் மட்டும். முன்னால் ரோஸ் கலர், பின்னால் பழைய பாசி. பிரின்சிபால் அம்மாவுக்குக் கோபம். அடுத்த படம் வரட்டும், பின்பக்கம் அடிச்சிக்கலாம் என்றார் பர்சர். அடுத்த படம் வரவில்லை.

சர்ச்சிலும் அப்படித்தான். அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் விளைந்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை அங்கேயே ஏலம் விடுவார்கள். இவர் ஒரு பூசணிக்காய் கொண்டுபோனார். பெரிய காய். ஏலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் இவரே காசு கொடுத்து எடுத்து, தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரம் பூசணிக்காய்க் குழம்பு என்று அவர் வீட்டம்மா என்னிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் ரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. சுயநிதி. அரசாங்கத்திடம் கை நீட்ட வேண்டியதில்லை. வசூல் செய்வதும் செலவழிப்பதும் அவர்கள் இஷ்டம். நாலு பக்கமும் பெயிண்ட். அங்கே ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த பிரின்சிபால் அம்மா பெருமூச்சு விட்டாள். நமக்கும் இந்தச் சுதந்திரம் இருந்தால் எப்படி இருக்கும் என்றாள். பர்சரோடு நானும் போயிருந்தேன். அந்தக் கேட்டில் ஒரு ஆள் ஃபீஸ் கட்ட வரிசையில் நின்றான். வல்லம் வடகால் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றுவிட்டு நின்றான். எனக்குத் தெரிந்தவன். பர்சர் அவனைப் பார்த்தார்.

"காலேஜ் கையை அவுத்து வுட்டுட்டாங்க. இவன் கையைக் கட்டிட்டாங்க" என்றார்.

இனி ஹால்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் முகூர்த்த நாளில் பத்துக் கல்யாணம் நடக்கும். தாலி கட்டினபின் பந்தி போட இடம் வேண்டும். அக்கம்பக்கத்தில் மண்டபம் கிடையாது. எங்கள் ஹால்தான் பெரியது. ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். ஜனங்கள் வாடகை எவ்வளவு என்று கேட்டு வந்தார்கள்.

வாடகை வாங்கினால் அரசாங்கம் கழிக்கும். சும்மா கொடுத்தால் வருஷத்தில் பாதி நாள் ஹாலைக் கூட்டுவது என் வேலையாகிவிடும். பர்சர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். அதை எங்கே யோசித்தாரோ தெரியாது.

பந்தி நடக்கும்போது அவர் போவார். சாப்பிடுவார். பிறகு மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவார். நோட்டில் மஞ்சள் தடவி முதல் வரி எழுதப் போகும்போது, காலேஜ் பேரில் எழுதச் சொல்வார். இத்தனை ரூபாய் என்று இல்லை. "காலேஜ், ஹால் ஒரு நாள்." அதுதான் மொய்.

முதல் தடவை தாய்மாமன் சண்டைக்கு வந்துவிட்டான். முதல் வரி அவனுடையது அல்லவா. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். பர்சர் எழுந்து, அப்போ ரெண்டாவது வரி போதும்பா என்றார். அதிலிருந்து எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமனுக்கு அடுத்தது காலேஜ். சித்தப்பா பெரியப்பா எல்லாம் அதற்குக் கீழே.

மொய் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். அது வாங்கினவனுக்குத் தெரியும். ஆனால் காலேஜ் வீட்டில் என்ன விசேஷம் வரும்? பெண் சமைந்ததா, காது குத்தா? பர்சர் வருஷா வருஷம் பிப்ரவரியில் காலேஜ் டே வைத்தார். பத்திரிகை அடித்து, மூலையில் மஞ்சள் வைத்து, மொய் எழுதின வீட்டுக்கெல்லாம் நேரில் போய்க் கொடுத்தார். ஜனங்கள் சீர்வரிசையோடு வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் ஒரு சீலிங் ஃபேன். இருவர் தூக்கி வரும் பெஞ்ச். தண்ணீர் டிரம். கரும்பலகை. டீக்கடைக்காரர் மேளத்தோடு வந்தார். சூளைக்காரம்மா மூவாயிரம் செங்கல் அனுப்பினாள். அதில்தான் பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டினோம். அதற்கு முன் அவர்கள் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

கொடுத்த பொருளில் பேர் எழுத விடமாட்டார். கோயில் டியூப் லைட்டில் உபயம் இன்னார் என்று எழுதி எழுதி வெளிச்சமே வருவதில்லை, இது படிக்கிற இடம் என்பார்.

ஐந்து வருஷம் இப்படி நடந்தது. பிறகு நான் ஒரு காரியம் செய்தேன்.

1991 மார்ச். இரண்டு மாதமாகச் சம்பள மானியம் வரவில்லை. பர்சர் மெட்ராஸுக்குப் போய் டிபார்ட்மெண்ட் ஆபீஸில் காத்துக்கிடந்தார். சம்பளத்தை மட்டும் பொருளாகக் கேட்க முடியவில்லையே என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அவர் இல்லாத நேரத்தில் மறைமலை நகர் பக்கத்துக் கம்பெனி மேனேஜர் ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். தொழிலாளர்களுக்குப் பரிசு கொடுக்கும் விழா, ஹால் வேண்டும் என்றார். பிரின்சிபால் அம்மா சரி என்றாள். விழா முடிந்தது. மேனேஜர் என்னிடம் மூன்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். காசு வாங்க மாட்டோம், வேறு ஏதாவது கொடுங்கள் என்றேன். சும்மா இடம் எடுத்துக்கொள்ளத் தங்கள் கம்பெனியில் வழியில்லை என்றார். ரசீது கேட்டார்.

காலேஜில் இரண்டு ரசீதுப் புத்தகம். பிள்ளைகள் ஃபீஸுக்கு ஒன்று. இதர வரவுக்கு ஒன்று. இரண்டாவதில் ஒரு தாள்கூட அதுவரை கிழிந்ததில்லை. நான் கார்பன் வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினேன். ஹால் வாடகை ரூபாய் முந்நூறு மட்டும். சீல் வைத்தேன். காசை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒழுங்காகச் செய்ததாக நினைத்தேன்.

மறுநாள் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த பர்சர் அதைப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் கீது" என்றார்.

கிழித்துவிடலாமா என்றேன். ஒரு தாள் கம்பெனிக்காரனிடம் இருக்கிறது, போட்டது போட்டதுதான் என்றார்.

ஏப்ரலில் தணிக்கை வந்தது. அதிகாரி மெலிந்த மனிதர். கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்க வந்தவர், பார்த்தார். என் ரசீதைப் பார்த்தார். பிறகு என் சாவி நோட்டைக் கேட்டார். ஹாலை எப்போது யாருக்குத் திறந்தேன் என்று தேதி போட்டு எழுதி வைப்பேன். அதையும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். கம்பெனியைத் தவிர நாற்பத்தொரு தடவை.

அதிகாரி பெருக்கினார். பன்னிரண்டாயிரத்து முந்நூறு.

"வாடகை முன்னூறுன்னு நீங்களே ரசீது போட்டிருக்கீங்க. நாப்பத்தொரு தடவை ஹால் திறந்திருக்கு. மீதிக் காசு எங்க சார்?"

"வாங்கல" என்றார் பர்சர்.

பிரின்சிபால் அம்மா மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டி ஏதோ சொல்ல வந்தாள். டீ வரட்டும்மா என்று பர்சர் இடையில் புகுந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வாங்கவில்லை என்பதை நம்ப ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் ரிடையர்மெண்ட் பணத்தில் பிடிக்க எழுதுவேன் என்றார் அதிகாரி. வெள்ளிக்கிழமை. திங்கள் வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்தப் பணத்தில்தான் பர்சர் வீட்டுக் கூரையை மாற்றுவதாக இருந்தார். ஓட்டு வீடு. அதுவும் ஒழுகும்.

ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஃபேன் வாடகைக்குப் பதிலா வந்துச்சின்னு சொன்னா, ஃபேனும் வாடகைதான். காலேஜ்ல கழிப்பான். அத்தோட வுடமாட்டான். இந்த ஹாலுக்கு வருமானம் கீதுன்னு வருஷா வருஷம் கழிப்பான். எங்கிட்டன்னா ஒரு தரம்தான் போவும்."

நான் வீட்டுக்குப் போனேன். ரசீது என்னுடையது. சாவி நோட்டும் என்னுடையது. அந்தக் கல்யாணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவர் வாடகை என்ற வார்த்தையை ஒரு இடத்தில்கூடச் சொன்னதில்லை. மொய் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு பகலும் சைக்கிளில் சுற்றினேன். சாவி நோட்டில் இருந்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். எல்லோரிடமும் சொன்னது ஒன்றே: திங்கட்கிழமை மொய் நோட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வாருங்கள்.

வருகிறேன் என்று உடனே சொன்னவர்கள் குறைவு. மொய் நோட்டை யாரும் வெளியே காட்ட மாட்டார்கள். யார் எவ்வளவு குறைத்து எழுதினான் என்று அதில் இருக்கும். ஊர்ச் சண்டை முழுதும் அதில் இருக்கும். சூளைக்காரம்மா யோசித்துவிட்டு, முதல் பக்கத்தை விட்டு மற்றதையெல்லாம் ஊக்குப் போட்டு மூடிக் கொண்டுவருகிறேன் என்றாள். அது நல்ல யோசனை. அடுத்த வீடுகளில் நானே அதைச் சொன்னேன். ஒரகடத்தில் ஒரு கடையில் ஊக்கு தீர்ந்துவிட்டது.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு நோட்டு வந்தது. ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் ஊரை விட்டுப் போயிருந்தார்கள்.

அதிகாரி முதல் நோட்டை வாங்கினார். முதல் வரி தாய்மாமன். இரண்டாவது வரி, காலேஜ், ஹால் ஒரு நாள். அடுத்த நோட்டு. அதே இரண்டாவது வரி. பத்து நோட்டு வரை பார்த்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் இது என்னய்யா என்றார்.

"மொய்ங்க. காலேஜ் வச்சது."

"காலேஜ் மொய் வைக்குமா?"

"தாய்மாமனுக்கு அடுத்து அதாங்க."

திருப்பிச் செய்தீர்களா என்று கேட்டார். காலேஜ் டேவுக்கு மேளத்தோடு வந்து இரண்டு ஃபேன் செய்தேன் என்றார் டீக்கடைக்காரர். லாரி டிரைவரின் மாமனார் உடனே எழுந்தார். ஒன்றுதான் இவனுடையது, கிழக்கு ஓரத்து ஃபேன் தன்னுடையது, சத்தத்தை வைத்தே சொல்வேன் என்றார். இரண்டு பேரும் ஃபேனுக்கு அடியில் போய் நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். கிளார்க் சிரித்துவிட்டான்.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இதெல்லாம் ஹாலுக்குப் பதிலாக் கொடுத்தது. அப்படித்தானே?"

கடைசி பெஞ்சில் பர்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒருவர் சொன்னால் போதும், ஃபேனும் செங்கலும் வாடகையாகிவிடும். பிரின்சிபால் அம்மா என்னைப் பார்த்தாள். நான் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது.

சூளைக்காரம்மா நோட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா சாமி இப்டி கேக்கறீங்க? மொய்யை எவனாவது வாடகைம்பானா? உங்க வூட்டு கல்யாணத்துல எழுதனவன் சோத்துக்குக் காசு குடுத்தான்னு சொல்வீங்களா? காலேஜ் எனக்கு செஞ்சிது. நான் காலேஜுக்கு செஞ்சேன். நாளைக்கு என் சின்னப் பொண்ணுக்கு அது செய்யும்."

அதிகாரி கிளார்க் பக்கம் திரும்பினார்.

"உனக்கு தை மாசம் கல்யாணம் ஆச்சே. மொய் வந்துதா?"

"வந்துது சார்."

"வருமானம்னு ஆபீஸ்ல காட்டினியா?"

"வருமானமா? அத்தனையும் கடன் சார். திருப்பிச் செய்யணுமே" என்றான் கிளார்க். சொல்லும்போதே அவன் முகம் வாடியது. ஹாலே சிரித்தது. அப்போதுதான் அதிகாரியும் சிரித்தார்.

பொருளாக வந்த அன்பளிப்பு வருமானத்தில் சேராது, இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றாதது தப்பு என்றார். அன்றே ஏற்றச் சொன்னார். கிளார்க்கும் பர்சரும் ஒவ்வொரு பொருளாகப் பார்த்து எழுதினார்கள். சாயந்திரம் நாலு மணி ஆனது. கிழக்கு ஓரத்து ஃபேனை இரண்டு பேர் பேரிலும் எழுதினார்கள். சூளைக்காரம்மா கக்கூஸ் வரை நடந்து போய்த் தன் செங்கலைக் காட்டினாள். அதிகாரிக்கு டீக்கடைக்காரர் டீ கொடுத்தார். அதிகாரி காசு எடுத்தார். எல்லோரும் பர்சரைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டார். அவர் கடை மானியத்தில் நடப்பதில்லை.

மே மாதக் கடைசியில் பர்சர் ரிடையர் ஆனார். ரிடையர்மெண்ட் பணம் குறையாமல் வந்தது. ஆடி மாத மழைக்கு முன் கூரை மாற்றினார்.

அந்த வருஷத்து மானிய ஆணை ஆகஸ்டில் வந்தது. அதைப் பார்க்க அவர் பஸ் ஏறி வந்தார். வேலையில் இல்லாதவருக்கு அதைக் காட்டலாமா என்று புது பர்சர் தயங்கினார். பிரின்சிபால் அம்மா காட்டச் சொன்னாள். பழைய பர்சர் கண்ணாடியை மாட்டி, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். சம்பளம். பராமரிப்பு. தண்ணீர், மின்சாரம். நான் பக்கத்தில் நின்றேன். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. காலேஜின் சொந்த வருமானத்துக்காகக் கழித்தது:

ரூபாய் 300.